ட்யூமர் மார்க்கர் எல்லாம் நார்மல். இனி பாப் ஸ்மியர் வேண்டாமா?

நிலாமுற்றம்:
தோழிகளே, ஒரு குழப்பம். சமீபத்தில் முழு உடல் பரிசோதனை எடுத்தேன். ரிப்போர்ட்டில் பெண்களுக்கான புற்றுநோய்ப் பரிசோதனை என்று தனியாக ஒரு பக்கம். சிஏ-125, சிஇஏ, எஸ்சிசி ஆன்டிஜென் என்ற மூன்று ட்யூமர் மார்க்கர்களையும் (சில புற்றுநோய்களில் ரத்தத்தில் உயரும் பொருட்கள்) பார்த்து, மூன்றும் அளவுக்குள் இருப்பதாகப் பச்சை நிறத்தில் குறித்திருக்கிறார்கள். கர்ப்பப்பை வாய்க்கு எதுவும் பார்க்கவில்லையே என்று ரிப்போர்ட் கொடுத்த பெண்ணிடம் கேட்டேன். எஸ்சிசி அதற்குத்தான், ரத்தத்திலேயே தெரிந்துவிடும், கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களைத் தடவி எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் எல்லாம் பழைய முறை என்று சொல்லிவிட்டார். எனக்கு வயது 38. கடைசியாகப் பாப் ஸ்மியர் எடுத்தது இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம், எந்த வருடம் என்றுகூட நினைவில்லை. உண்மையைச் சொன்னால் அந்தப் பரிசோதனை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது, அதனால் அவர் சொன்னதைக் கேட்க இதமாகத்தான் இருந்தது. நம்பலாமா?

சும்மா_வாசகி:
நானும் வருடா வருடம் இதைத்தான் எடுக்கிறேன். எல்லாம் நார்மல் என்று வந்தால் ஒரு நிம்மதி. எங்கள் வீட்டில் அத்தைக்கு இருந்தது, அதனால் விடுவதில்லை.

ஆய்வகத்தாள்:
நிலாமுற்றம், நம்ப வேண்டாம். நான் உயிர்வேதியியல் லேபில் வேலை பார்ப்பவள், இந்த மூன்று பரிசோதனைகளையும் தினமும் ஓட்டுகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த மூன்றும் என்ன என்று பார்க்கலாம். சிஇஏ 1965-ல் பெருங்குடல் புற்றுநோய்த் திசுவில் கண்டுபிடிக்கப்பட்டது. புகை பிடிப்பவர்களுக்கு நோய் எதுவும் இல்லாமலே அது கொஞ்சம் உயர்ந்திருக்கும். சிஏ-125 வந்தது 1981-ல், சினைப்பை புற்றுநோய் தொடர்பாக. அதற்கு வழக்கமான எல்லை மில்லிலிட்டருக்கு 35 யூனிட். மாதவிலக்கு நாட்களில் ரத்தம் கொடுத்தாலே சிலருக்கு அது தாண்டிவிடும். கர்ப்பம், ஃபைப்ராய்டு கட்டி, எண்டோமெட்ரியோசிஸ், வயிற்றுக் காசநோய், கல்லீரல் சுருக்கம் என்று அதை ஏற்றிவிடும் காரணங்களுக்குக் கணக்கே இல்லை. இந்த இரண்டுக்கும் கர்ப்பப்பை வாயோடு உள்ள சம்பந்தம் ரொம்பத் தூரத்து உறவு.

மூன்றாவதான எஸ்சிசி ஆன்டிஜென் மட்டும் உண்மையிலேயே இந்த உறுப்பிலிருந்து வந்தது. 1977-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் திசுவிலிருந்துதான் பிரித்தெடுத்தார்கள். அதனால்தான் அந்தப் பெண் "அதற்குத்தான்" என்று சொன்னது காதுக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் அந்தப் புரதம் புற்றுநோய் செல்களின் தனிச்சொத்து இல்லை. தோல், வாய், உணவுக்குழாய், கர்ப்பப்பை வாய் என்று செதில் செல்கள் (மேற்பரப்பை மூடியிருக்கும் தட்டையான செல்கள்) இருக்கிற இடத்திலெல்லாம் சாதாரணமாகவே இருக்கும் புரதம் அது. கட்டி பெரிதாகி, ஆழமாக இறங்கி, ரத்தக் குழாய்க்குப் பக்கத்தில் போன பிறகுதான் ரத்தத்தில் அளவு கண்ணில் படுகிற மாதிரி ஏறும். ஆரம்ப நிலைக் கட்டிகளில் பெரும்பாலும் பாதிப் பேருக்குக்கூட அது உயர்வதில்லை.

இப்போது முக்கியமான விஷயம். கர்ப்பப்பை வாய்க்கான ஸ்கிரீனிங், அதாவது அறிகுறி இல்லாதவர்களுக்குச் செய்யும் பரிசோதனை, புற்றுநோயைத் தேடுவதற்காக ஏற்பட்டதே இல்லை. புற்றுநோய் ஆவதற்கு முன்னால் செல்கள் மாறத் தொடங்கும் கட்டத்தைத் தேடத்தான் அது. ரிப்போர்ட்டில் சிஐஎன் 2, சிஐஎன் 3 என்று எழுதுவார்களே, அதுதான். அந்த மாற்றம் மேல்படலத்துக்குள்ளேயே இருக்கும், அதற்குக் கீழே இருக்கும் அடிச்சவ்வை இன்னும் தாண்டியிருக்காது. ரத்தக் குழாய்கள் எல்லாம் அந்தச் சவ்வுக்குக் கீழேதான். ரத்தத்தைத் தொடாத ஒன்றை ரத்தத்தில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? ஆள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறான், நாம் ஊர் எல்லையில் காவல் போட்டுத் தேடுகிறோம்.

கடலோரம்:
அக்கா சொல்வது புரிகிறது. ஆனாலும் எதுவுமே பார்க்காமல் இருப்பதற்கு இது மேல் அல்லவா? பாப் ஸ்மியர் எடுக்கப் போகவே மாட்டேன் என்று இருக்கும் பெண்கள் எத்தனை பேர். அவர்களில் நாலு பேருக்காவது ரத்தத்தில் தெரிந்தால் லாபம்தானே. ஒரு ஊசி, இரண்டு நிமிட வேலை, கெட்டுப்போக என்ன இருக்கிறது?

ஆய்வகத்தாள்:
> கெட்டுப்போக என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு 10,000 பெண்கள், அவர்களில் 10 பேருக்கு நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நோய் உள்ள 10 பேரில் 9 பேரைப் பிடிக்கும், நோய் இல்லாதவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மட்டும் தவறாக "உயர்வு" என்று காட்டும் ஒரு பரிசோதனை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சரி, இப்போது எத்தனை பேர் ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்து வரும்? உண்மையான நோயாளிகள் 9. மீதி 9,990 பேரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 999 பேர். சிவப்பு எழுத்தைப் பார்த்து அழுதுகொண்டு ஓடும் 1,008 பேரில் 999 பேருக்கு ஒன்றுமே இல்லை. எஸ்சிசியோ நான் சொன்ன இந்தக் கற்பனைப் பரிசோதனையைவிட மோசமானது, ஆரம்ப நிலையில் 10-க்கு 9 என்பதற்குப் பக்கத்தில்கூட வராது.

வெறும் பயத்தோடு முடிந்தால் பரவாயில்லை என்பீர்கள். சினைப்பை புற்றுநோய்க்கு இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 78,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வு, 2011-ல் முடிவு வந்தது. பாதிப் பேருக்கு சிஏ-125-ம் ஸ்கேனும் வருடாந்தரம் எடுத்தார்கள். அதில் 3,285 பேருக்குப் பொய் எச்சரிக்கை. அவர்களில் 1,080 பேர் அறுவை சிகிச்சை வரைக்கும் போனார்கள், 163 பேருக்குக் கடுமையான சிக்கல் ஏதாவது ஒன்றாவது வந்தது. நோய் இல்லாதவர்களுக்கு! இறப்பும் குறையவில்லை. அப்புறம் பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வின் இறுதி முடிவு 2021-ல் வந்தது. அதிலும் சினைப்பை புற்றுநோய் இறப்பு குறையவில்லை. இத்தனைக்கும் அந்தப் புற்றுநோய்க்கென்றே பேர் வாங்கிய மார்க்கர் அது.

மறுபக்கமும் உண்டு, என்னைக் கேட்டால் அதுதான் மோசம். நார்மல் என்று வந்தவர்கள் உண்மையான பரிசோதனையைத் தள்ளிப் போட்டுவிடுகிறார்கள். நீங்கள் சொன்ன அந்த "போகவே மாட்டேன்" பெண்களுக்கு இந்தப் பச்சை எழுத்து நல்ல சாக்கு. மன்னிக்கவும் சும்மா_வாசகி, உங்களை நினைத்தும்தான் எழுதுகிறேன்.

சும்மா_வாசகி:
படித்தேன். பதில் சொல்லத் தெரியவில்லை. அத்தைக்கு இருந்ததால் எனக்கு வரும் வாய்ப்பு அதிகம், அதனால் வருடா வருடம் எடுங்கள் என்று சொன்னதே அந்த லேப்காரர்கள்தான்.

வெயில்மரம்:
சிவப்பு எழுத்து வந்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. எஸ்சிசி 1.5 வரை இருக்கலாம் என்று அச்சிட்டிருந்தார்கள், எனக்கு 4-ஐத் தாண்டியிருந்தது. பக்கத்திலேயே ஒரு குறிப்பு: "கர்ப்பப்பை வாய், நுரையீரல், தலை-கழுத்துப் புற்றுநோய்களில் உயரும்". அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. அன்று இரவு தூங்கவில்லை. வயிற்று ஸ்கேன், நெஞ்சு சிடி, காது மூக்கு தொண்டை மருத்துவர், எண்டோஸ்கோபி என்று ஒன்றன் பின் ஒன்றாக அலைந்தேன். வீட்டுக்காரர் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் தனியாகக் கூகிள் செய்துகொண்டிருந்தார், அதைப் பார்க்க இன்னும் பயம். கடைசியில் ஒரு மகப்பேறு மருத்துவர்தான் என் முழங்கையைப் பார்த்துவிட்டு "சொரியாசிஸ் எத்தனை வருடமாக?" என்று கேட்டார். சின்ன வயதிலிருந்தே இருக்கிறது. அதனால்தான் எஸ்சிசி ஏறுகிறது, மாதவிலக்கு முடிந்ததும் வாருங்கள், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்பிவி வைரஸுக்குப் பரிசோதனை எடுத்துவிடலாம் என்றார். எடுத்தோம். நெகட்டிவ். சிடி ஸ்கேனில் வாங்கிய கதிர்வீச்சுதான் மிச்சம்.

ஆய்வகத்தாள்:
சொரியாசிஸ், எக்ஸிமா இரண்டுமே ஏற்றும். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு ஏறும். நுரையீரலில் சாதாரணத் தொற்றோ வீக்கமோ இருந்தாலும் ஏறலாம். இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள்: மாதிரியில் எச்சில் தெறித்தால் ஏறும். எச்சிலிலும் தோல் துகளிலும் அந்தப் புரதம் ஏகத்துக்கு இருக்கிறது. ட்யூபைத் திறந்து வைத்துக்கொண்டு இருமினாலோ, வெறுங்கை பட்டாலோ எண் எகிறிவிடும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நாங்கள் முதலில் சொல்வதே "எஸ்சிசி ட்யூபுக்கு நேராகப் பேசாதே" என்பதுதான்.

மூத்தவள்:
எல்லாரும் சேர்ந்து எஸ்சிசியை இப்படித் திட்டுவது சரியில்லை. எனக்கு இந்த நோய் வந்து, ரேடியேஷனும் கீமோவும் முடித்து, இப்போது நன்றாக இருக்கிறேன். சிகிச்சைக்கு முன்னால் எனக்கு எஸ்சிசி மிக அதிகமாக இருந்தது, சிகிச்சை போகப் போக இறங்கியது. இன்றும் செக்கப்புக்குப் போனால் என் மருத்துவர் அதைப் பார்க்கிறார். ஒன்றுக்கும் உதவாத பரிசோதனை என்று படித்தால் என்னைப் போன்றவர்கள் பயந்துவிடுவோம்.

ஆய்வகத்தாள்:
அம்மா, நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி, நான்தான் தனியாகப் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும். நோய் உறுதியான ஒருவருக்கு, அதுவும் செதில் செல் வகையாக இருந்து சிகிச்சைக்கு முன்னால் எண் உயர்ந்திருந்தால், அவரையே அவரோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இறங்குகிறதா, இறங்கிய இடத்திலேயே நிற்கிறதா, மறுபடி ஏறுகிறதா என்று. நோய் திரும்புவதை அறிகுறி வருவதற்குச் சில மாதம் முன்பே அது காட்டிக்கொடுப்பதும் உண்டு. ஆனால் நிலாமுற்றம் மாதிரி நோய் இல்லாத ஒருவரிடம் தேடுவதற்கு அது சரிப்படாது.

எஸ்சிசி எல்லா வகைக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கர்ப்பப்பை வாயில் சுரப்பிச் செல்களிலிருந்து வருவது அடினோகார்சினோமா. அதில் எஸ்சிசி பெரும்பாலும் அசையாது, அங்கே சிஏ-125, சிஇஏ சில நேரம் உதவும். அதனால்தான் எந்த மார்க்கரைத் தொடர்வது என்பதை பயாப்ஸி பார்த்த மருத்துவர் முடிவு செய்கிறார். நோய் எந்த நிலை என்று சொல்லும் உலகளாவிய வகைப்பாட்டில்கூட இந்த எண்களுக்கு இடம் கிடையாது.

கடலோரம்:
விடாமல் கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இப்போது ஒரே ரத்தத்தில் ஐம்பது வகைப் புற்றுநோய் பார்க்கிறோம் என்று புது மாதிரிப் பரிசோதனைகள் வருகின்றனவே, டிஎன்ஏ துண்டுகளைத் தேடுவது. அவை இந்தப் பழைய மார்க்கர்கள் மாதிரி இல்லையே?

லேபர்வார்டு_இரவு:
மகப்பேறு மருத்துவத்தில் மேல்படிப்பு படிக்கிறேன், இரவு டியூட்டியில் கிடைத்த நேரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடலோரம், அந்தப் பரிசோதனைகள் வேறு தொழில்நுட்பம்தான், பொய் எச்சரிக்கையும் மிகக் குறைவு. ஆனால் அதில் பேர் பெற்ற ஒன்றின் 2021 ஆய்வைப் பாருங்கள்: எல்லா வகைப் புற்றுநோயையும் சேர்த்து, நான்காம் நிலையில் 90 சதவீதம் பிடித்தது, முதல் நிலையில் 17 சதவீதத்துக்கும் குறைவு. புற்றுநோய்க்கு முந்தைய கட்டம் அதன் கணக்கிலேயே இல்லை. ஆய்வகத்தாள் அக்கா சொன்ன அடிச்சவ்வு விஷயம் இதற்கும் அப்படியே பொருந்தும். தயாரிப்பவர்களே இது வழக்கமான ஸ்கிரீனிங்குக்கு மாற்று இல்லை என்றுதான் சொல்கிறார்கள்.

கர்ப்பப்பை வாயைப் பொறுத்தவரை நாம் ரொம்ப அதிர்ஷ்டசாலிகள், இதை யாரும் சொல்வதில்லை. கிட்டத்தட்ட எல்லாக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் காரணம் ஹெச்பிவி என்ற ஒரே வைரஸ் குடும்பம். அதிலும் 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே சுமார் 70 சதவீதத்துக்குப் பொறுப்பு. இதைக் கண்டுபிடித்த ஹரால்ட் ட்சூர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். தொற்று வந்து புற்றுநோய் ஆவதற்கு, எதிர்ப்பு சக்தி சாதாரணமாக உள்ள பெண்ணுக்கு, பொதுவாக 15 முதல் 20 வருடம் ஆகிறது. உறுப்பும் கை எட்டும் தூரத்தில், கண்ணால் பார்க்கிற இடத்தில் இருக்கிறது. காரணம் தெரியும், இடம் தெரியும், நேரமும் தாராளமாக இருக்கிறது. கணையத்துக்கோ சினைப்பைக்கோ இந்த மூன்றில் ஒன்றுகூட ஒழுங்காக இல்லை, அதனால்தான் அங்கே ரத்தத்தைப் பிடித்துத் தொங்குகிறார்கள். இங்கே எதற்கு?

அப்படியிருந்தும் 2022-ல் உலகம் முழுக்க சுமார் 6.6 லட்சம் பெண்களுக்கு இந்த நோய் வந்து, சுமார் 3.5 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். ஓபியில் முற்றிய நிலையில் வருபவர்களிடம் இதற்கு முன் எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் "ஒருமுறைகூடப் பார்த்ததில்லை" என்பதுதான் பதில்.

சரி, என்ன பரிசோதனை எடுப்பது? உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது: பொதுவாகப் பெண்களுக்கு 30 வயதிலிருந்து ஹெச்பிவி டிஎன்ஏ பரிசோதனை, 5 முதல் 10 வருடத்துக்கு ஒருமுறை. எச்ஐவி உள்ளவர்களுக்கு 25 வயதிலிருந்து, 3 முதல் 5 வருடத்துக்கு ஒருமுறை. ஹெச்பிவி பரிசோதனை கிடைக்காத இடத்தில் பாப் ஸ்மியரோ, அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் முறையோ, மூன்று வருடத்துக்கு ஒருமுறை. நாட்டுக்கு நாடு வயதும் இடைவெளியும் கொஞ்சம் மாறும். வருடா வருடம் யாரும் கேட்கவில்லை. சும்மா_வாசகி, கவனித்தீர்களா? உங்கள் அத்தையின் நோய்க்கும் காரணம் இந்த வைரஸாகத்தான் இருந்திருக்கும். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் கொஞ்சம் கூடுதல் கவனம் நல்லதுதான், ஆனால் அதற்கும் வழி இந்தப் பரிசோதனைதான், வருடாந்தர ரத்தம் இல்லை.

இதற்கு இறப்பைக் குறைத்த ஆதாரமும் இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுவரை 1,31,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2009-ல் வெளியானது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை ஹெச்பிவி பரிசோதனை செய்த குழுவில், எதுவும் செய்யாத குழுவைவிடக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இறப்பு கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. எஸ்சிசிக்கு இப்படி ஒரு முடிவைக் காட்டுங்கள், நானே நாளைக்கு எல்லாருக்கும் எழுதிக் கொடுக்கிறேன்.

நிலாமுற்றம்:
டாக்டர், நன்றி. அப்படியானால் ஹெச்பிவியையாவது ரத்தத்தில் பார்க்க முடியாதா? ஆன்டிபாடி என்று ஏதோ கேள்விப்பட்டேன்.

லேபர்வார்டு_இரவு:
முடியாது. இந்த வைரஸ் ரத்தத்தில் சுற்றுவதில்லை, மேல்படலத்துச் செல்களிலேயே குடியிருந்து அங்கேயே பெருகுகிறது. அதனால் உடம்பின் எதிர்ப்புப் படைக்கும் அது சரியாகத் தெரிவதில்லை, தொற்று வந்த பெண்களில் கணிசமானவர்களுக்கு ஆன்டிபாடியே உருவாவதில்லை. உருவானாலும் எப்போதோ வந்து போனதா, இப்போது இருக்கிறதா என்று சொல்லாது. தடுப்பூசி போட்டவர்களுக்கும் ஆன்டிபாடி இருக்கும். ஆய்வுக்கு உதவும், உங்களுக்கு உதவாது.

ஆனால் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஹெச்பிவி பரிசோதனைக்கு ஸ்பெகுலம் (பிறப்புறுப்பை விரித்துப் பார்க்கும் கருவி) கட்டாயம் இல்லை. பஞ்சு வைத்த ஒரு குச்சியை நீங்களே உள்ளே விட்டு, சில முறை சுழற்றி, எடுத்துக் குழாயில் போட்டுக் கொடுக்கலாம். கர்ப்பப்பை வாயைத் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை, பிறப்புறுப்பின் உள்சுவரில் பட்டாலே போதும். பிசிஆர் வகைப் பரிசோதனையாக இருந்தால் மருத்துவர் எடுத்த மாதிரிக்கு ஏறக்குறைய நிகரான பலன். இந்த வசதி இருக்கிறதா என்று மருத்துவமனையில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், எல்லா இடத்திலும் இல்லை.

சும்மா_வாசகி:
இதை ஏன் யாரும் முதலிலேயே சொல்வதில்லை???

வெயில்மரம்:
ஸ்பெகுலம் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றாலும் சில விஷயம் கேட்டு வாங்கலாம். சின்ன அளவு போடச் சொல்லலாம். பெண் மருத்துவர் வேண்டும் என்று சொல்லலாம். நானே உள்ளே விட்டுக்கொள்கிறேன் என்றுகூடச் சொல்லலாம், என் மருத்துவர் கொஞ்சமும் யோசிக்காமல் கையில் கொடுத்தார். வலித்தால் நிறுத்துங்கள் என்று தொடங்கும் முன்பே சொல்லிவைத்தேன், அதுவே பாதி பயத்தைக் குறைத்தது. முன்பு ஒரு இடத்தில் "இரண்டு பிள்ளை பெற்றவளுக்கு இது வலிக்குமா" என்று கேட்டார்கள், அந்தப் பக்கமே அப்புறம் போகவில்லை.

பேருந்து_ஜன்னல்:
ஆண்கள் கேட்கலாமா தெரியவில்லை, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மனைவிக்கு 44 வயது. சில மாதமாக உறவுக்குப் பிறகு ரத்தம் படுகிறது, இடையிடையே நாற்றத்துடன் வெள்ளைப்படுதல். சங்கோஜப்பட்டுக்கொண்டு லேபில் மட்டும் மார்க்கர் பரிசோதனை எடுத்தோம். எஸ்சிசி 0.9, நார்மல். அதனால் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். சரிதானே?

லேபர்வார்டு_இரவு:
சகோதரர், பொறுக்க வேண்டாம். இந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். இந்த இழையில் இதுவரை பேசியதெல்லாம் அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கான ஸ்கிரீனிங் பற்றி. உங்கள் மனைவிக்கு அறிகுறி இருக்கிறது, அவர் விஷயத்தில் நேரடியாகக் கர்ப்பப்பை வாயைக் கண்ணால் பார்க்க வேண்டும். சந்தேகமாக எதுவும் தெரிந்தால் பயாப்ஸி. போன வருடம் எடுத்த ஹெச்பிவி நெகட்டிவாக இருந்திருந்தாலும் இதையேதான் சொல்வேன். உறவுக்குப் பின் ரத்தம் வருவதற்குச் சாதாரணத் தொற்று, பாலிப், கர்ப்பப்பை வாய்ப் புண் என்று எளிதில் சரியாகும் காரணங்கள்தான் அதிகம், பயப்பட வேண்டாம். ஆனால் 0.9 என்ற அந்த எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் இதே கதைதான், அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

மூத்தவள்:
தம்பி, எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. பயமுறுத்தச் சொல்லவில்லை. அவளைத் தனியாக அனுப்பாதே, கூடப் போ.

பேருந்து_ஜன்னல்:
சரி அம்மா. நாளைக்கே கேட்டு நேரம் வாங்குகிறேன்.

கடலோரம்:
எனக்கு இன்னொரு தயக்கம். ஹெச்பிவி பாசிட்டிவ் என்று வந்தால் வீட்டில் என்ன நினைப்பார்கள்? உறவு மூலம் வருகிற வைரஸ் என்கிறீர்கள். கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் சந்தேகப்படுவதற்கு எஸ்சிசியே மேல் என்று தோன்றுகிறது.

லேபர்வார்டு_இரவு:
நல்ல கேள்வி, ஓபியில் வாய் திறந்து கேட்காமல் கண்ணால் கேட்கும் கேள்வி. உறவில் ஈடுபட்ட பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் எப்போதாவது ஹெச்பிவி வந்து போகும். ஆணுக்கும் அப்படியே. பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே அதை அடக்கிவிடும். சிலருக்குத் தூங்கிக்கொண்டே இருந்து பல வருடம் கழித்துத் தலைகாட்டும். அதனால் பாசிட்டிவ் என்ற ஒரு சொல்லை வைத்து எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, மருத்துவராலும் முடியாது. இதை வீட்டில் அப்படியே சொல்லுங்கள். நம்பவில்லை என்றால் மருத்துவரிடம் கூட்டி வாருங்கள், நாங்கள் சொல்கிறோம்.

பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்றும் இல்லை. 16 அல்லது 18 என்றால் பெரும்பாலும் நேராகக் கால்போஸ்கோபி, அதாவது உருப்பெருக்கி வைத்துப் பார்ப்பது. மற்ற வகைகள் என்றால் அதே செல்களில் பாப் பார்ப்பார்கள், இல்லையென்றால் ஒரு வருடம் கழித்து மறுபடி எடுப்பார்கள். பி16, கேஐ-67 என்று செல்களுக்குச் சாயம் ஏற்றிப் பார்ப்பதும் உண்டு. அவையும் ஒரு வகையில் மார்க்கர்கள்தான், ஆனால் ரத்தத்தில் இல்லை, கர்ப்பப்பை வாயிலிருந்து எடுத்த செல்களிலேயே பார்ப்பவை. சிஐஎன் 2, 3 இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் குளிரூட்டியோ சூடுவைத்தோ அழிப்பார்கள், இல்லை மின்கம்பியால் வெட்டி எடுப்பார்கள். பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போகலாம், கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை. எஸ்சிசியில் சிவப்பு வந்தால் இப்படி அடுத்த படி எதுவும் கிடையாது, வெயில்மரம் அலைந்த மாதிரி அலைய வேண்டியதுதான்.

தாழ்வாரம்:
குறுக்கே ஒரு கேள்வி. எனக்கு ஃபைப்ராய்டுக்காகக் கர்ப்பப்பை எடுத்தாயிற்று. என் மகள் தடுப்பூசி போட்டிருக்கிறாள். எங்கள் இருவருக்கும் இதெல்லாம் வேண்டுமா?

லேபர்வார்டு_இரவு:
உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பாருங்கள். கர்ப்பப்பை வாயையும் சேர்த்து எடுத்திருந்து, முன்பு சிஐஎன் எதுவும் இருந்ததில்லை என்றால் தேவையில்லை. வாயை விட்டுவிட்டு மேல் பகுதியை மட்டும் எடுத்திருந்தால் தொடர வேண்டும். மகளுக்கு 30 வயது வரும்போது வேண்டும், தடுப்பூசி எல்லா வகைகளையும் அடக்காது.

சும்மா_வாசகி:
அடுத்த மாதம் வழக்கமான பேக்கேஜுக்குப் பதிவு செய்திருந்தேன். அந்த மார்க்கர் பக்கத்தை மட்டும் நீக்கிவிடுங்கள் என்று கேட்டால், தனியாக நீக்க முடியாது என்கிறார்கள். எடுத்தால் எடுத்துத் தொலையட்டும், அந்தப் பக்கத்தை நான் பார்க்கப் போவதில்லை. ஹெச்பிவிக்குத் தனியாகப் போகிறேன்.

ஆய்வகத்தாள்:
பார்க்கப் போவதில்லை என்று சொல்வது எளிது, சிவப்பு எழுத்து வந்தால் தூக்கம் போய்விடும். அந்த மூன்று பரிசோதனையும் வேண்டாம் என்று ரத்தம் எடுக்கும்போதே படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். உங்கள் ரத்தம், உங்கள் உரிமை. நாங்களும் ஒரு ட்யூபைக் குறைத்துக்கொள்வோம்.

நிலாமுற்றம்:
ஸ்வாப் வசதி உள்ள இடம் ஒன்று கிடைத்துவிட்டது, வியாழக்கிழமைக்குச் சொல்லியிருக்கிறார்கள். கடைசியாக இரண்டு சந்தேகம். அதற்கு முன் ஏதாவது தவிர்க்க வேண்டுமா? பழைய மார்க்கர் ரிப்போர்ட்டைக் கொண்டுபோகவா?

லேபர்வார்டு_இரவு:
ரத்தப்போக்கு அதிகமாக உள்ள நாளாக இருந்தால் தள்ளிப் போடுங்கள். முந்தைய இரண்டு நாள் உள்ளே வைக்கும் மாத்திரை, கிரீம், கழுவும் திரவம் எதுவும் வேண்டாம், உறவையும் தவிர்த்தால் நல்லது. வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. பழைய பாப் ரிப்போர்ட் வீட்டில் எங்காவது கிடந்தால் தேடிக் கொண்டுபோங்கள், அது உதவும். மார்க்கர் ரிப்போர்ட்டை யாரும் கேட்க மாட்டார்கள்.